"படம் எப்படிண்ணே?" - தோட்டத்துத் திடல் கொடுத்த மதிப்பெண்

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான். "படம் எப்படி?" இன்று அதற்குப் பதில் நட்சத்திரங்களாக வருகிறது. ஐந்துக்கு மூன்று, பத்துக்கு ஆறரை என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் படத்துக்கு மார்க் போடும் வழக்கத்தைப் பரவலாக்கிய பெருமை ஆனந்த விகடனுக்கு உண்டு. 1977-இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு அந்த இதழ் கொடுத்த 62.5 மதிப்பெண்ணைப் பழைய ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஆனால், விகடனின் மார்க் கப்பலேறி வரும்வரை கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் யாரும் காத்திருந்ததில்லை. இரவு திடலில் படம் முடியும்; விடிந்தால் பெரட்டுக் களத்தில் தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. எழுதி வைக்காததாலேயே அது வரலாறு ஆகாது என்று தள்ளிவிட முடியாது.

வடசிலாங்கூரின் தோட்டங்களைத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. ஆகவே இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோல சிலாங்கூர்ப் பட்டணத்திலிருந்து உள்ளே வந்தால் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று சுற்றிலும் தோட்டங்கள். அப்பால் ரவாங்கும் உலு சிலாங்கூரும். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பழையவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே யார் வைத்த பெயர் என்று விளங்கிவிடும். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நடப்பட்டது அந்தத் தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. துரை மலாயாவைப் பற்றி என்ன நினைத்தார் என்று உலகத்துக்கே தெரியும். அவர் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் எதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குத்தான் ஏட்டில் இடமில்லை.

சைக்கிளை விட்டு இறங்கிய காலம்

கருத்துச் சொல்வது என்பது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால் இது புரியும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது. துரையையோ தோட்ட உத்தியோகத்தரையோ எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும்! உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. போராட்டத்தை முன்நின்று நடத்திய ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டதும் போராட்டம் மேலும் பரவியது. படையை வரவழைத்து அதை அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

சைக்கிளில் உட்கார்ந்தபடி கிராணியைக் கடந்து போக முடியாத மனிதருக்கு, அதே கிராணி ரசித்துப் பார்க்கும் படத்தை "இது ஒரு படமா?" என்று கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? போருக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் இருட்டில் வந்தது.

அரசாங்க வேன் வந்த நாள்

1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1948 ஜூனில், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி. இரவில் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு. அந்த ஆண்டு டிசம்பரில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் 24 கிராமவாசிகளைச் சுட்டுக் கொன்றனர். அச்சம் எல்லாத் தோட்டங்களையும் சூழ்ந்திருந்த நேரம் அது. அப்படிப்பட்ட காலத்தில் அரசாங்கத் தகவல் இலாகாவின் படவேன் தோட்டத்துக்குள் வந்தால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளிலும் விளக்கவுரையோடு குறும்படங்கள் காட்டப்பட்டன. கொசுவை ஒழிப்பது எப்படி, கம்யூனிஸ்டுக்குச் சோறு கொடுக்கக் கூடாது, அரசாங்கம் என்னென்ன நன்மை செய்கிறது என்பதெல்லாம்தான் விஷயம்.

மலாய்க்காரர்கள் இந்தத் திறந்தவெளிப் படக்காட்சியை 'வாயாங் பாச்சாக்' என்பார்கள். மண்ணில் கம்பம் நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் திரை தயார். பின்னாளில் மருந்துக் கம்பெனிகளும் பானக் கம்பெனிகளும் இதே முறையில் இலவசப் படம் காட்டின. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு, புட்டியைத் தூக்கிப் பிடித்து விற்பனையைத் தொடங்கிவிடுவார்கள். இன்றைய தொலைக்காட்சி விளம்பர இடைவேளைக்கு அதுதான் பாட்டன் என்றால் மிகையாகாது.

எது பிரசாரம், எது படம் என்று அந்த மக்களுக்குத் தெரியாமல் இல்லை. பிடிக்காத படத்துக்கு அவர்கள் எழுதிய விமர்சனம் மிகச் சுருக்கமானது. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவதுதான் அது. அரசாங்க வேன் முன்னாலும் அது நடக்கும், கோயில் கமிட்டி போட்ட படத்தின் முன்னாலும் நடக்கும். சம்பளத்தைப் பற்றிப் பேசினால் வேலை போகலாம். திரையில் ஓடுவதைப் பழித்தால் யாரும் சீட்டைக் கிழிக்க முடியாது.

பெரட்டுக் களத்துத் தீர்ப்பு

தீபாவளிக்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கோ முழுநீளத் தமிழ்ப்படம் வரும்போதுதான் உண்மையான திருவிழா. திரைக்கு நேரே நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அவை பெரிய கிராணிக்கும் குடும்பத்தாருக்கும். அதற்கடுத்துப் பாய், சாக்கு, பலகை. பிள்ளைகளோ திரைக்குப் பின்புறம் போய்விடுவார்கள். அந்தப் பக்கமிருந்தும் படம் தெரியும், இடவலம் மட்டும் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் கத்தி சுழற்றுவதைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை.

தோட்டத்துக்கு வரும் படச்சுருள் பட்டணத்துக் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிறகே வரும். கோலாலம்பூர் பத்து ரோட்டின் கொலிசியம் போன்ற கொட்டகைகளுக்குப் பஸ் ஏறிப் போய் முதலிலேயே பார்த்து வந்தவர் தோட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவர்தான் முதல் விமர்சகர். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து சுபம் வரை முழுக் கதையையும் நடித்துக் காட்டுவார். பாட்டுப் புத்தகம் கையில் இருந்தால் பாட்டும் உண்டு. கதையைச் சொல்லிவிட்டாரே என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு திடலில் அதே படம் வரும்போது, "நீ சொன்னாப்ல இல்லையே" என்று இரண்டு தீர்ப்பு கிடைக்கும். ஒன்று படத்துக்கு, மற்றொன்று கதை சொன்னவருக்கு.

மறுநாள் விடியற்காலை பெரட்டு. இருட்டு பிரியாத நேரம், கையில் உளி, தலையில் விளக்கு. "என்னாண்ணே, ராத்திரி படம் எப்படி?" என்று தொடங்கிவிடும். பரவால்ல, சுமார், ஒரு தடவ பாக்கலாம், தூக்கம் போச்சு - நான்கு படிகள்தான். பிறகு வந்த ஐந்து நட்சத்திரங்களால் இந்த நான்குக்கு மேல் ஒன்றையும் சொல்லிவிட முடியவில்லை. இளைஞர்கள் சண்டைகளை எண்ணுவார்கள். மூன்று சண்டை என்றால் தேறியது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களின் அளவுகோல் வேறு. எத்தனை தடவை முந்தானையில் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது என்பதே அவர்கள் கணக்கு. 1961-இல் வெளிவந்த 'பாசமலர்' அந்தக் கணக்கில் எங்கே நின்றிருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்ற தகராறு எல்லாத் தமிழ் ஊர்களிலும் இருந்ததுதான். தோட்டத்தில் அதற்குக் கூடுதலான ஒரு பொருள் இருந்தது. 1952-இன் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் பேசிய வசனத்தை முழுதாக ஒப்பிப்பவருக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நாலாவது, ஐந்தாவதோடு நின்றுவிட்ட ஒருவர், கூண்டில் நின்று நீதிபதியைக் கேள்வி கேட்கும் வசனத்தைத் தம் வாயால் சொல்லிப் பார்க்கிறார். 1958-இன் 'நாடோடி மன்ன'னில் ஒரு நாடோடி அரியணையில் உட்கார்ந்து சட்டம் போடுகிறார். இவற்றில் எது நல்ல படம் என்ற வாக்குவாதம், நியாயத்தைப் பேசிக் கேட்பதா, கையில் எடுப்பதா என்ற வாக்குவாதமாகவும் இருந்தது என்றே தோன்றுகிறது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளியின் பெயரால் பேசத் தொடங்கிய காலமும் அதுதான்.

இதையெல்லாம் மிகைப்படுத்திவிடக் கூடாது. பெண்கள் பேச்சு பெண்களுக்குள்ளேயே நின்றது. கிராணி வீட்டாரும் தொழிலாளர் வீட்டாரும் ஒரே படத்தைப் பார்த்தாலும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை. திடல் எல்லாருக்கும் பொது. நாற்காலி எல்லாருக்கும் பொது அல்ல.

சன்னலில் தொங்கிய தலைமுறை

1963 டிசம்பர் 28-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியத் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். முதலில் கோலாலம்பூரைச் சுற்றிய பகுதிக்கு மட்டுமே ஒளிபரப்பு எட்டியது. 1969-இல் இரண்டாவது அலைவரிசை, 1978 டிசம்பரில் வண்ணம், 1984-இல் டிவி3 என்று அது வளர்ந்தது. தோட்டத்திலோ மின்சாரம் என்பது எஞ்சின் ஓடும் சில மணி நேரம்தான். கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டியவர்கள் உண்டு. தமிழ்ப்படம் போடும் நாளில் பேட்டரி தீர்ந்துபோனால் வீட்டுக்காரரின் மானமும் சேர்ந்து போகும்.

பெட்டி உள்ள வீட்டின் கூடத்தில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். விமர்சனத்தின் குணம் இங்கேதான் மாறியது. திடலில் வாய்விட்டுத் திட்டலாம், விசிலடிக்கலாம். அடுத்தவர் வீட்டில் அது முடியாது. படம் மோசமாக இருந்தாலும் எழுந்து போனால் அக்கா தப்பாக நினைத்துக்கொள்வார். மரியாதைக்காக முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, வழியில் வரும்போதுதான் மனத்திலிருப்பதைச் சொல்லுவார்கள்.

1980களில் வீடியோ வந்தது. முதன்முதலாக, எந்தப் படம் பார்ப்பது என்று தோட்டத்து மக்களே தேர்ந்தெடுத்தார்கள். கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் வாடகைக்கு எடுத்த கேசட்டுகள் விடிய விடிய ஓடின. அதே காலத்தில்தான் இன்னொரு பேச்சும் மேடையேறியது. பிள்ளைகள் கெட்டுப்போவதற்குத் தமிழ்ப்படமே காரணம், படத்தில் வரும் அரிவாளைப் பார்த்துத்தான் பையன்கள் கையில் பாராங்கை எடுக்கிறார்கள் என்று தலைவர்களும் பத்திரிகைகளும் சொல்லத் தொடங்கினர். இன்றுவரை எத்தனையோ தொலைக்காட்சிக் கலந்துரையாடல்கள் இந்தத் தலைப்பில் நடந்துவிட்டன. படத்துக்கு அதில் பங்கே இல்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் அந்தப் பையன்களைச் சுற்றி வேறு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் கைமாறின. நிலம் வீடமைப்புக்கும் மேம்பாட்டுக்கும் போனது. வேலையோடு வீடும் போய்விடும் என்பது தோட்டத்து வாழ்க்கையின் பழைய சாபம். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த கதை நாடறிந்தது. கேசட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

தோட்டம் கலைந்தபோது திடலும் கலைந்தது. ரவாங், கிள்ளான், ஷா ஆலம், சுங்கை பூலோ அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துப் போனார்கள். 1996-இல் ஆஸ்ட்ரோவும் வானவில்லும் வந்தன. பிறகு தமிழ்நாட்டு அலைவரிசைகளும் சேர்ந்துகொண்டன. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று தொடர்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு விதத்தில் பெரட்டுக் களத்துப் பேச்சு பெண்கள் வழியாகத்தான் உயிர் பிழைத்தது. தொழிற்சாலைப் பஸ்ஸில் போகும்போது, நேற்று மாமியார் செய்தது நியாயமா என்று நடந்த விவாதங்களில் தோட்டத்து வெளிக்காட்டு வேலையின் பழைய குரலைக் கேட்கலாம்.

நம்ம படத்துக்கு எத்தனை?

இவ்வளவு காலமும் மதிப்பெண் வாங்கியவை தமிழ்நாட்டுப் படங்கள். நம் கதையை நாமே எடுத்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கலான பகுதி.

2005-இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை'யை எடுத்தார். ரப்பர் தோட்டத்துக் குடும்பம், படிக்க ஆசைப்படும் ஒரு பெண், மெதுவாக நகரும் காட்சிகள். பிரான்சின் நாந்த் நகரத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. இங்கேயோ, படம் தமிழில் பேசியதால் அதை உள்ளூர்ப் படமாகக் கணக்கில் எடுத்து வரிச் சலுகை தரலாமா என்பதே பிரச்சினையானது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள்? பார்த்தவர்களில் சிலர் "நல்லாதான் இருக்கு, ஆனா மெதுவா போகுது" என்றார்கள். அதுவும் நியாயமான தீர்ப்புத்தான். மூன்று சண்டை எண்ணிப் பழகிய கண்ணுக்குத் தன் சொந்த லயத்துக் காலைப்பொழுதைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது.

2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் 'ஜகாட்' ஆனதுதான் தலைப்பு. தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கு வீடுகளில் வாழும் குடும்பம், குறும்புக்காரப் பையன் அப்போய், அவனைச் சுற்றி வழிதவறும் பெரியவர்கள் என்று, மேடைகளில் பல ஆண்டு பேசிய அதே விஷயத்தைப் படம் உள்ளே நின்று காட்டியது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்ப் படங்களுக்கும் மற்ற மொழிப் படங்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்ததற்கு மலாய்க் கலைஞர்களிடமிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. ஏற்பாடு மாற்றப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது.

விருதுக்குப் பிறகு "நம்ம படம், குறை சொல்லக் கூடாது" என்ற குரல் ஓங்கியது. அன்பினால் எழுந்த குரல்தான். இருந்தாலும் அது 'ஜகாட்'டுக்குத் தேவைப்படவில்லை. சலுகை மார்க் இல்லாமலே தேறிய படம் அது. மற்ற பல உள்ளூர்ப் படங்களுக்கு அந்தச் சலுகை கெடுதலையே செய்தது. "நம்ம பிள்ளைங்க எடுத்தது, பரவால்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த பாட்டி அப்படி ஏமாற்றியதில்லை. 2018-இல் விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' கூட்டத்தை இழுத்தபோது, அது விருதுப் படமா என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்பு வந்ததா என்று கேட்டார்கள். அது பெரட்டுக் களத்துக் கேள்வி.

இரண்டுக்கும் நடுவே, 2016 ஜூலையில், 'கபாலி' வந்தது. பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் மலேசியத் தமிழராக நடித்தார். தோட்டத் தொழிலாளியின் மகன், சம்பளப் போராட்டம், குண்டர் கும்பல் எல்லாம் அதில் இருந்தன. தமிழ்நாட்டு ரசிகர்கள் ரஜினியைப் பார்த்தார்கள். இங்குள்ளவர்கள் ரஜினியையும் பார்த்தார்கள், தங்கள் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்றும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளெல்லாம் குண்டர்களா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கோட்டுப் போட உரிமையில்லையா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தப் படத்துக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. மற்ற நாடுகளில், துப்பாக்கியோடு ஒருவன் கபாலியை நெருங்க, திரை இருண்டு வெடிச்சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஆனது என்பது பார்ப்பவர் கையில். மலேசியாவில் காட்டிய படத்திலோ, கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று கடைசியில் எழுத்துப் போட்டு முடித்தார்கள். அந்த வார இறுதியில் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்டது "படம் எப்படி?" என்பதல்ல. "அவரு செத்தாரா, சரண்டரானாரா?" என்பதுதான். சிங்கப்பூரில் பார்த்த மச்சான் ஒரு முடிவைச் சொன்னார், ரவாங்கில் பார்த்த தம்பி வேறொன்றைச் சொன்னார். எழுத்துப் போட்டதைப் பார்த்த பிறகும், சுட்டுவிட்டார்கள் என்றே அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள்.